எட்டுக் கூடை இங்கிலீஷ்

சலவைக்கூடத்தில் அவளை எல்லாரும் பிரிப்பு அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வருகிற அழுக்குத் துணியை இனம் பிரித்து எட்டுக் கூடைகளில் போடுவது அவள் வேலை. ஒன்பது வருட நீராவி நெஞ்சில் தங்கிவிட்டது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. முன்பக்கக் கவுன்டருக்கு மாறு, இல்லாவிட்டால் வேலையையே விடு என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். கவுன்டரில் நிற்க இங்கிலீஷ் வேண்டும்; வருகிறவர்களுக்குத் தமிழ் தெரியாது.

மகளின் பழைய இலக்கணப் புத்தகத்தைத் திறந்தாள். அதிலும் சொற்களுக்கு எட்டு இனம். அட, நம்ம பிழைப்புதானே என்று சிரிப்பு வந்தது. பெயர்ச்சொல்லைப் படுக்கை விரிப்புக் கூடையில் வைத்தாள், வினைச்சொல்லை வேலையாட்களின் உடுப்போடு, பெயரடையைச் சாயத் துணியோடு. இன், ஆன், அண்டர் போன்ற பொடிசுகள் காலுறைக் கூடைக்குப் போயின. மத்தியான நீராவியில் கண் சொக்கும்போது சட்டைப் பைகளிலிருந்து சொற்கள் ஈரமாக எழும்பி, மிதந்து வந்து, தத்தம் கூடையில் தாமே இறங்கின. வேன் ஓட்டும் கணவன், தூக்கத்தில்கூட இங்கிலீஷ் முனகுகிறாள் என்று கிண்டலடித்தான். ஒரே மாதத்தில் புத்தகம் தலைகீழ்ப் பாடம்.

அவளைக் கவுன்டரில் நிறுத்திப் பார்க்கும் சோதனை நாள் காலையில் முதலாளியம்மா திரைக்குப் பின்னால் நின்றுகொண்டார். முதலில் வந்தவர் ஒரு பெரியவர். பெண்கள் அணியும் சாம்பல் நிறக் கோட்டு ஒன்றைக் கவுன்டரில் வைத்து மெதுவாக ஏதோ கேட்டார்.

அவளுக்குள் எட்டுக் கூடையும் நிரம்பி வழிகிறது, ஒரு சொல்லும் வெளியே வர மறுக்கிறது. பெரியவரின் முகம் நீராவிக்குள் போவதுபோல் மங்கியது. அப்போதுதான் உறைத்தது: பிரிப்பது பாதி வேலைதான். துணி காய்ந்தபின் கூடையை யார் பார்க்கிறார்கள்? துணியில் போட்ட சொந்தக்காரரின் சலவைக் குறியைப் பார்த்து, அவருடையதை ஒன்றுசேர்த்து மூட்டை கட்டுவார்கள். மடச்சி, மறந்தே போனாள்.

கூடைகளை விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள். கோட்டை வைத்தாரே தவிர, கையை இன்னும் எடுக்கவில்லை. அவர் மறுபடி கேட்டார்; இப்போது இரண்டு சொற்கள் காதில் விழுந்தன. ஒய்ஃப். ஸ்மெல்.

"நோ வாட்டர்," என்றாள். "ஒன்லி பிரஷ். மை ஹேண்ட். ஸ்மெல் ஸ்டே."

பெரியவர் ஒவ்வொரு விரலாகக் கையை எடுத்தார். சீட்டை வாங்கிக்கொண்டு, கதவருகே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

முதலாளியம்மா திரையை விலக்கினார். அவ்வளவும் தப்பு இங்கிலீஷ் என்று அவளுக்கே தெரியும்.

"கோட்டை உள்ள அனுப்பிடாத," என்றார் முதலாளியம்மா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "இங்கயே உக்காந்து நீயே பிரஷ் போடு. ஸ்டூல் கொண்டுவரச் சொல்றேன்."