எட்டு எம்.பி.க்கு ஒரு லினக்ஸ்

கங்கப்பன் கத்தினால் ஃபரீதாவுக்குப் பயமில்லை. அது தினப்படி சங்கதி. அவர் குரலைத் தாழ்த்தினால்தான் பயம். 1999 ஆயுத பூஜைக்கு முந்தைய சனிக்கிழமை அவர் ரொம்பவும் தாழ்ந்த குரலில் பேசினார்.

"மாத்தறதுன்னா மாத்தும்மா. ஆனா ஒரு நம்பர் காணாம போச்சுன்னு வெச்சுக்கோ, அன்னியோட உனக்கு இங்க வேலை இல்ல."

ஓசூர் சிப்காட்டில் ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் சின்னப் பட்டறை அவருடையது. ஒவ்வொரு ஷாஃப்டையும் அளந்து பார்த்து, அளவைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது ஃபரீதாவின் வேலை. கெலமங்கலத்தில் அவள் அம்மாவும் தங்கை வஜிஹாவும் சாப்பிடுவது அந்த வேலையில்தான். கம்ப்யூட்டர் என்பது பெங்களூரில் பழசாக வாங்கிய ஒரு லேப்டாப். அது வந்த ஜோரில், அதுவரை அளவு எழுதிய நோட்டுப் புத்தகத்தை நிறுத்திவிட்டார் கங்கப்பன். முன்யோசனை என்பது அந்த மனிதருக்குக் கொஞ்சம் தூரத்துச் சொந்தம்.

லேப்டாப்பில் இருந்ததோ எட்டு எம்.பி. மெமரி. அதில் ஏற்றியிருந்த விண்டோஸுக்கு அது யானைக்குச் சோளப்பொரி. ஆன் செய்துவிட்டு டீ குடித்துத் திரும்பினாலும் மணல் கடிகாரம் திரையில் நின்றுகொண்டிருக்கும். போன மாதம் ஆர்டர் கொடுக்கும் கம்பெனியின் இன்ஸ்பெக்டர் வந்து ஒரேயொரு ஷாஃப்டின் அளவைக் கேட்டார். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். திரை அசையவில்லை. "அடுத்த மாசம் விஜயதசமிக்கு மறுநாள் வர்றேன். அப்பவும் இப்படின்னா ஆர்டர் பெங்களூர் பீனியாவுக்குப் போயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பக்கத்து ஃபேக்டரி எலெக்ட்ரீஷியன் ஆரோக்கியநாதனுக்குக் கம்ப்யூட்டர் பைத்தியம். அவர்தான் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று திறந்தே பார்க்கலாம் என்றார். அதில் இரண்டு வகை வைத்திருந்தார். ஒன்று பத்திரிகையோடு வந்த சி.டி., பளபளவென்று படங்களோடு. இன்னொன்று பதினான்கு ஃப்ளாப்பியில் அடங்குவது, வெறும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து.

"படம் இருக்கறதையே போட்டுடலாங்கண்ணா. கறுப்பா இருந்தா பயமா இருக்கு."

"உனக்கு டெய்லி என்ன வேலை? டைப் அடிக்கணும், தேடணும், பிரிண்ட் எடுக்கணும். அதுக்கு எதுக்கும்மா படம்? பெருசைப் போட்டா மறுபடி டீ குடிக்கப் போக வேண்டியதுதான். அதோட இந்த லேப்டாப்ல சி.டி. போடற வாயே இல்லியே."

ஃபரீதா ஒரு ராத்திரி முழுக்க யோசித்துச் சின்னதையே தேர்ந்தெடுத்தாள். ஹார்ட் டிஸ்க்கில் இரண்டுக்கும் இடமில்லாததால் பழையதை அழித்துவிட்டுத்தான் புதியதைப் போட முடியும். அதற்காக சனிக்கிழமையே அளவுகள் முழுவதையும் ஆறு ஃப்ளாப்பியில் நகல் எடுத்து, ஒவ்வொன்றையும் திரும்பப் படித்துப் பார்த்து, பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு லேப்டாப் பக்கத்திலேயே வைத்தாள். திங்கட்கிழமை பூஜை. அவளுக்கு அன்று லீவு.

விஜயதசமியன்று காலையில் லேப்டாப்பின் மூடியில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. துடைத்துவிட்டுத் திறந்தார்கள். பழையதை முழுக்க அழிக்கட்டுமா என்று திரை கேட்டது. "உன் டேட்டா, நீயே அமுத்து" என்று ஆரோக்கியநாதன் கையை எடுத்துக்கொண்டார். பிஸ்மி சொல்லி அமுக்கினாள்.

பதினான்கு ஃப்ளாப்பியும் உள்ளே போய் முடிய மத்தியானமாயிற்று. நிறுத்தி மறுபடி ஆன் செய்தபோது, ஒரு நிமிடத்துக்குள் கறுப்புத் திரை தயாராக நின்றது. ஃபரீதாவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடுதான் டப்பாவைத் திறந்தாள்.

ஆறு ஃப்ளாப்பிக்கும் பொட்டு வைத்திருந்தது. மேலே லேபிளில் வைத்திருந்தால் தொலைகிறது. ஓரத்துத் தகட்டை நகர்த்தி, உள்ளே தெரிந்த கறுப்பு வட்டத்தில், ஈரச் சந்தனம் தடவி, அதன்மேல் குங்குமம். தகட்டை மூடி, வரிசை மாறாமல் டப்பாவில் அடுக்கியும் வைத்திருந்தார்கள்.

"யா அல்லா" என்றாள். டப்பாவை ஆரோக்கியநாதனிடம் நீட்டினாள்.

ஆரோக்கியநாதன் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தார். மூன்றை லேப்டாப் படித்தது. மற்ற மூன்றும் கரகரவென்று அரைபட்டுப் பிழை காட்டின. ஜனவரியிலிருந்து ஜூன் வரை தேறியது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று அவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிளம்பினார்.

பொரிகடலைத் தட்டோடு வந்தாள் கங்கப்பன் மனைவி முனிலட்சுமி. பஞ்சின் சிவப்பைப் பார்த்ததும் நின்றாள்.

"லேத்துக்கு சக்குலதான் பொட்டு வெப்போம். எது சுத்துதோ அதுக்கு வெக்கணும். இதுலயும் உள்ள சுத்தறதுக்கு வெச்சேன்... அது தப்பாம்மா?"

"அழிஞ்சு போச்சுக்கா."

முனிலட்சுமி தட்டைக் கீழே வைத்தாள். "அவருகிட்ட சொல்லிடாத. கொன்னே போட்டுருவாரு."

அதற்குள் வாசலில் கங்கப்பனின் ஸ்கூட்டர் வந்து நின்றது. உள்ளே வந்தவர் கறுப்புத் திரையையும் இரண்டு பெண்களின் முகத்தையும் பார்த்தார்.

"எல்லாம் இருக்கா?" குரல் தாழ்ந்திருந்தது.

பூஜையில் வைத்த பொட்டால் கெட்டது என்று எப்படிச் சொல்வது? அதுவும் ஃபரீதா என்ற பேரை வைத்துக்கொண்டு? நாளைக்குப் பட்டறையில் அது எந்தப் பேச்சாகப் போய் முடியும் என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. சொல்லாவிட்டால் வேலை போய்விடும். மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஜூலையிலேருந்து இல்லீங்க சார். ஃப்ளாப்பியத் திறந்து பாக்காம பழசை அழிச்சுட்டேன். என் தப்புதான்."

கங்கப்பன் வாயைத் திறப்பதற்குள் முனிலட்சுமி முந்திக்கொண்டாள். "அவ நல்லாதான் எடுத்து வெச்சிருந்தா. உள்ள பொட்டு வெச்சுக் கெடுத்தது நான்."

ஃபரீதா கண்ணை மூடிக்கொண்டாள். அடி விழும் என்றே நினைத்தாள். நாற்காலி இழுபடும் சத்தம்தான் கேட்டது. கண்ணைத் திறந்தபோது கங்கப்பன் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அந்த டப்பாவ பூஜைல வெச்சு, ஒண்ணு விடாம பொட்டு வெய்யின்னு சொன்னது நான்தானே" என்றார். "நாளைக்கு அந்த ஆளு வருவானே. அவன்கிட்ட இத யாரு சொல்றது? எனக்கு வாய் வராதும்மா."

இரண்டு பெண்களும் அவரையே பார்த்தார்கள். அந்த மனிதருக்கும் பயம் என்று ஒன்று உண்டு என்பது முனிலட்சுமிக்கே புதிதாக இருந்திருக்க வேண்டும்.

"ஃபரீதா, நீயே சொல்லிடும்மா" என்றார் கங்கப்பன். "எங்கிட்டயே பயமில்லாம நின்னு சொன்னவ நீ."

"சரிங்க சார்" என்றாள் ஃபரீதா. மேஜையைப் பிடித்திருந்த கையை மட்டும் எடுக்கவில்லை. எடுத்தால் அங்கேயே விழுந்துவிடுவோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.