பத்தாவது வேஷம்

அக்கா போன் பண்ணியபோது அவனுக்குப் பாதி மீசைதான் ஒட்டியிருந்தது.

"மாமா கால்ல கல்லு விழுந்திருச்சுடா" என்றாள். அழவில்லை. "சமையல் மேடைக்கு அறுத்த கல்லு. லாரியிலேர்ந்து எறக்கும்போது. மேல நின்ன சோடாபுட்டி, வார்த்தை வர்றதுக்கு முன்னாடியே கைய விட்டுட்டான். பாவிப்பய."

"எந்தக் காலுக்கா?"

"எந்தக் காலா இருந்தா என்னடா, ரெண்டும் அவரோடதுதானே! வலது காலு. பாதம் நசுங்கிப் போச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துட்டோம்."

"சோடாபுட்டி என்ன சொல்றான்?"

"வார்த்தை கேட்டுத்தான் விட்டேங்கிறான். புளுகு. மேஸ்திரி அவன யார்டுப் பக்கமே தலைவச்சுப் படுக்கக்கூடாதுன்னுட்டாரு."

போன் அடங்கியது. ஒப்பனை அறைக் கண்ணாடியில் அரை மீசையோடு தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கல் யார்டில் சட்டம் என்று இருப்பது ஒன்றே ஒன்று. லாரி மேல் நிற்பவனுக்குக் கீழே நிற்பவன் தெரியமாட்டான். நடுவில் கல் மறைக்கும். கீழே நிற்பவன் தோளில் சாக்கை மடித்துப் போட்டு, காலை ஊன்றி, பாரம் முழுக்கத் தன் மேல் இறங்கிய பிறகு "பிடிச்சாச்சு" என்பான். அந்த வார்த்தை காதில் விழாதவரை மேலே இருப்பவன் விரல் பிரியாது. கண்ணுக்கு வேலை கிடையாது. காதை நம்பித்தான் கல் இறங்கும். மழை பெய்தாலும் சரி, முதலாளி தொண்டை கிழியக் கத்தினாலும் சரி, வார்த்தை வந்தால்தான் கை விடும்.

அந்த வார்த்தையை விற்றுத்தான் அவன் சோறு தின்கிறான்.

இன்றைக்கு நாலு மணிக்கு ஆட்டம். பதினெட்டு வருஷத்தில் ஜனங்கள் மறக்காத பத்து வேஷங்களை ஒரே மேடையில் செய்து காட்டுவதாக அரங்கத்து வாசலில் ஆளுயர விளம்பரம் வைத்திருந்தார்கள். திருடனுக்குச் சல்யூட் அடித்துக் கதவைத் திறந்துவிடும் தூங்குமூஞ்சி வாட்ச்மேன். தன் பல்வலிக்குத் தாடையில் துணி கட்டிக்கொண்டு அடுத்தவன் பல்லைப் பிடுங்கும் பல் டாக்டர். லிஃப்டுக்குப் பயந்து ஆறு மாடியும் படியேறி வந்து, இரைக்க இரைக்கக் கதவைத் திறந்துவிடும் லிஃப்ட்காரன். மருமகளோடு சேர்ந்துகொண்டு பெற்ற மகனையே வீட்டைவிட்டுத் துரத்தும் மாமியார். அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு அவன் இடுப்பில் கைவைத்து நின்றாலே போதும், ஒரு வசனமும் வேண்டாம்.

இவையெல்லாம் சாதம் என்றால் பத்தாவதுதான் குழம்பு. பீரோவோ கல்லோ எதுவானாலும் கையில் வாங்குவதற்கு முன்பே மூக்கால் "பிடிச்சாச்சூஊ" என்று இழுத்துவிட்டு, முதுகு சொறியப் போய்விடும் கூலியாள். பாரம் நேரே முதலாளி காலில் வந்து இறங்கும். சபை உருண்டு புரளும். தெருவில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது. வாண்டு முதல் கிழம் வரை "ஏய், பிடிச்சாச்சு!" தான்.

சோடாபுட்டி சொல்வது நிஜமென்றால் எவனோ அந்த வார்த்தையை விளையாட்டாகச் சொல்லியிருக்கிறான். விளையாட்டாகச் சொல்லக் கற்றுக்கொடுத்தவன் இங்கே மீசை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பொய்யாக இருக்கட்டும், சோடாபுட்டி புளுகியிருக்கட்டும் என்று மனசு வேண்டிக்கொண்டது. பிள்ளை குட்டிக்காரன் ஒருவன் வேலை போகட்டும் என்று வேண்டுகிறோமே என்று உறைத்தது. உறைத்தும் வேண்டுதல் நிற்கவில்லை.

"அசையாதீங்கண்ணே, கோணிக்கும்" என்றார் ஒப்பனைக்காரர்.

அவன் எழுந்துவிட்டான். வாசலில் அரங்க மேலாளர் மறித்தார். "சார், ரெண்டரை ஆச்சு. நாலுக்கு ஆட்டம். உள்ள இப்பவே ஆளுங்க உக்கார ஆரம்பிச்சாச்சு."

"வந்துடுறேன்."

"மீசையாவது..."

"மீசையும் வரும்."

டாக்சிக்காரர் கண்ணாடியில் இரண்டு தரம் பார்த்துவிட்டு மூன்றாம் தரம் திரும்பியே பார்த்தார். "சார், நீங்க பிடிச்சாச்சு தானே? என் பொண்ணு சாப்பிடும்போது இதேதான் சார். வாயில வாங்கறதுக்கு முன்னாடியே பிடிச்சாச்சும்பா, சோறு பூரா மடியில! ஒரே ஒரு தடவை சொல்லுங்களேன்."

"தொண்ட கட்டியிருக்குங்க. ரோட்டப் பாருங்க."

பத்தொன்பது வயதில் அதே யார்டில், அதே மாமாவோடு கல் இறக்கியவன் அவன். அப்பா செத்த வருஷம் அக்கா புருஷன்தான் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டார். ஒரு நாள் உச்சி வெயிலில் அலுத்துப்போய், தோளைக் கொடுக்காமலே வார்த்தையைச் சொல்லிவிட்டான். கல் மணல் குவியலில் விழுந்ததால் கால் தப்பியது. மாமா லாரியிலிருந்து குதித்து வந்து பளாரென்று ஒன்று விட்டார். "பொய் சொல்லணும்னா பொண்டாட்டிகிட்டச் சொல்லு. கல்லுகிட்டச் சொல்லாத." இரண்டு நாள் காதில் ரீங்காரம் நிற்கவில்லை. அந்த அறையிலிருந்துதான் பிறகு வேஷம் பிறந்தது. அதை அவன் எந்தப் பேட்டியிலும் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் சோடாபுட்டி உட்கார்ந்திருந்தான். கனத்த கண்ணாடி, உடம்பெல்லாம் கல் தூசு, முட்டியில் காய்ந்த ரத்தம். மாமாவைத் தூக்கி வந்தவன் அவன்தான். தூக்கி வந்த பிறகுதான் துரத்தியிருக்கிறார்கள்.

"நான் கேட்டேண்ணே" என்றான், வேறெதுவும் சொல்லாமல்.

அவனைப் தாண்டிப் போனான். வராந்தா பெஞ்சில் மேஸ்திரி. பக்கத்தில் அக்கா, மாமாவின் ஒற்றைச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு.

மாமா முழித்துக்கொண்டுதான் இருந்தார். வலது பாதத்தில் தலையணை அளவுக்குக் கட்டு.

"வாடா மாப்ள. என்ன, பாதி மீசை? மீதிய வர்ற வழியில வித்துட்டியா?"

"டாக்டர் என்ன சொன்னாரு மாமா?"

"மூணு வெரல எடுக்கணுமாம். மிச்சத்தப் பத்தி நாளைக்குச் சொல்றாராம். கறிக்கடைக்காரன்கூட இவ்வளவு பதமாப் பேசமாட்டான்."

அவன் கட்டில் ஓரத்தில் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டான். "மாமா, வார்த்தை வந்துச்சா, வரலையா?"

மாமா பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். பிறகு, "திரைய இழு" என்றார்.

இழுத்தான்.

"நான்தான் சொன்னேன்."

"கல்லப் பிடிச்சுட்டா?"

"பிடிக்கல. பக்கத்து லாரிக்காரனுங்க கேட்டானுங்க. 'உங்க மச்சான் மாதிரி ஒண்ணு விடுங்கண்ணே'ன்னு. தெனம் கேக்குறதுதான். நானும் தெனம் விடுறதுதான். இன்னிக்கு அவனுங்க பக்கம் திரும்பிச் சொன்னேன். தோளு கல்லுக்கு வரல. அவ்வளவுதான்."

"நீங்களா மாமா? இதுக்காக என்னை அறைஞ்சவரு நீங்க!"

"அறைஞ்சேன். அப்ப நீ வெறும் மச்சான்." மாமா உதட்டை நக்கிக்கொண்டார். "இருபத்தாறு வருஷம் கல்லு தூக்கினேன். ஒருத்தன் எனக்கு டீ வாங்கித் தந்ததில்ல. உன் மாதிரி இழுத்துச் சொல்ல ஆரம்பிச்சதிலேர்ந்து, அண்ணே அண்ணேன்னு சுத்தி நிக்குறானுங்க. எனக்கு நல்லா வரும்டா அது. கேளு."

படுத்தபடியே மூக்கால் இழுத்துச் சொல்லிக் காட்டினார். திரைக்கு அந்தப் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முடிவில் குரல் அரைத் தாளம் முந்திவிட்டது என்று அவன் மனசு கணக்குப் போட்டது. இந்த நேரத்தில் இதைக் கவனிக்கிறோமே என்று உடம்பு கூசியது.

"சோடாபுட்டிய வேலைய விட்டுத் துரத்திட்டாங்க மாமா."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"அவன் வேற எடம் பாத்துக்குவான். நான் எங்கடா போவேன்? யார்டுக்கு வர்ற ஒவ்வொருத்தனுக்கும் வார்த்தையச் சொல்லிக் குடுத்தவனே நான்தான். கல்லு விழுந்தவன்னு பேரு வந்தா வரட்டும். கோமாளித்தனம் பண்ணிக் காலப் போட்டுக்கிட்டவன்னு வந்தா நாண்டுக்கிட்டுச் சாகணும்." அவன் மணிக்கட்டைப் பிடித்தார். "உங்கக்காகிட்டயும் மூச்சு விடாத. உன் வேஷத்துக்கும் அதுதான் நல்லது. யோசிச்சுப் பாரு."

அவன் யோசித்தான். மாமா சொன்னதில் பிசகே இல்லை. சோடாபுட்டி கை நழுவவிட்டான் என்றே இருந்தால் நாலு மணிக்கு மேடையேறலாம், பத்தும் செய்யலாம், யார் காலுக்கும் அவன் பொறுப்பில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும். வாயை வைத்துப் பிழைப்பவனுக்கு இவ்வளவு சுலபமான வேலை அமைந்ததே இல்லை. மணிக்கட்டில் மாமாவின் பிடி சூடாக இருந்தது. மெல்ல விலக்கிக்கொண்டான்.

வெளியே வந்தபோது அக்கா நிமிர்ந்தாள். "என்னடா சொன்னாரு?"

"வார்த்தை வந்திருக்குக்கா."

"எவன் சொன்னது?"

"மாமாவே. பிடிக்காமலே சொல்லியிருக்காரு. என் குரல்ல. பக்கத்து லாரிக்காரங்க சிரிக்கிறதுக்காக." மேஸ்திரி பக்கம் திரும்பினான். "சோடாபுட்டி மேல தப்பில்லைங்க."

மேஸ்திரி பீடிக்கட்டைச் சட்டைப் பைக்குள் திரும்பச் சொருகினார். படிக்கட்டுப் பக்கம் பார்த்து, "டேய், இங்க வா" என்றார். சோடாபுட்டி வந்து மூன்றடி தள்ளி நின்றான். "வெளையாட்டுக் குரல்ல சொன்னா வெளையாட்டுன்னு தெரியவேணாமாடா உனக்கு?"

"எப்படிங்க தெரியும்? ஒரு வருஷமா நிசமாப் பிடிச்சாலும் அந்தக் குரல்லதான் சொல்றாரு. அவரு மட்டுமில்ல. யார்டுல எல்லாருமே அப்படித்தான் சொல்றோம்."

மேஸ்திரியும் அப்படித்தான் சொல்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. "நாளைக்கு வேலைக்கு வா" என்றார், தரையைப் பார்த்து.

அக்கா செருப்பைக் கீழே வைத்துவிட்டுச் சோடாபுட்டியைப் பார்த்தாள். "அவரு சொன்னப்போ சிரிச்சீங்களா?"

"அக்கா..." என்றான் தம்பி.

"கேக்குறேன்ல. சிரிச்சீங்களா?"

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் தூசு படிந்த சட்டையிலேயே துடைத்தான். "சிரிச்சோம்க்கா. எல்லாருந்தான். நானும் சிரிச்சுக்கிட்டேதான் கைய விட்டேன்."

அக்கா தம்பியைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டியிருந்தால் தேவலை. செருப்பை எடுத்துக்கொண்டு மாமாவின் அறைக்குள் போய்விட்டாள்.

பையில் போன் அடித்தது. மேலாளர். "எங்க சார் இருக்கீங்க? ஹால் ரொம்பி வழியுது. இதக் கேளுங்க."

போனை அவர் கூட்டத்தின் பக்கம் நீட்டியிருக்க வேண்டும். நூற்றுக்கணக்கான குரல்கள் கையைத் தட்டிக்கொண்டு, மூக்கால் இழுத்து, அந்த ஒரே வார்த்தையைக் கத்திக்கொண்டிருந்தன. வராந்தா பூராவும் கேட்டது. சோடாபுட்டியின் வலது கை தானாக விரிந்து மூடியது.

"ஒம்பதுதான் செய்வேன்" என்றான் அவன். "பத்தாவது கெடையாதுன்னு சொல்லிடுங்க."

"என்ன சார்?"

"பத்தாவது வேஷம் இல்ல. இனிமே எப்பவும் இல்ல. நெசமாத்தான் சொல்றேன்."

அந்தப் பக்கம் மேலாளர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஐயோ சார், இதே மூஞ்சிய வச்சுக்கிட்டு இதையே மேடையில சொல்லுங்க. தூள் கிளப்பிடும்!"