ஊர்வாசலில் ஒரு புகார்

தான் வேலை பார்க்கும் பட்டாசு ஆலையில் மருந்துக் கலவை அறை வெடித்து பீகார்க்காரன் ராம்பிரவேஷ் செத்துப்போன அன்று சாயங்காலம், அருணாதேவி சோற்றை வடித்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து போனைத் திறந்தாள். 'ஊர்வாசல்' செயலி முழுக்க நாரணாபுரம் விபத்துதான். 'சிவகாசி சிங்கம்' என்ற பெயரில் எவனோ ஒரு போட்டோ போட்டிருந்தான். அழைப்பு வந்துகொண்டிருக்கும் ஒரு போன். திரையில் இந்தி எழுத்து, முக்காடு போட்ட ஒரு பொம்பளை முகம். கீழே, 'வடக்கன் வீட்டுல இருந்து கூப்பிடுறாக. லோடுல ஒண்ணு கொறைஞ்சிருச்சுன்னு யாராச்சும் சொல்லுங்கப்பா.' அதற்குச் சிரிப்பு பொம்மைகள் குவிந்து கிடந்தன.

ராம்பிரவேஷ் காலையில்கூட அவளைப் பார்த்து, "அக்கா, சாப்பிட்டீகளா" என்று இந்த ஊர்க்காரன் மாதிரியே கேட்டவன். புகார்ப் பொத்தானை அழுத்தினாள். காரணம் கேட்டது, 'இன வெறுப்பு' என்பதைத் தொட்டாள்.

பிறகுதான் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பக்கத்திலேயே, உடைந்த கண்ணாடியும் ரப்பர் பேண்டுமாக, அவளுடைய போன். பட்டாசு ஆலைக்குள் யாரும் போன் கொண்டுபோக முடியாது. வாசல் அறைத் தட்டில் வைத்துவிட்டுத்தான் போவார்கள். வெடித்ததும் எல்லாரும் காட்டுக்குள் சிதறி ஓடி, எல்லாம் அடங்கித் திரும்பி வந்து போனை வாங்கும்வரை, அந்த அறையை விட்டு நகராமல் இருந்தது வாட்ச்மேன் மாரிக்கண்ணன் மட்டும்தான். அவள் புருசன்.

வேறு யாருடையதாகவாவது மாறிவிடாதா என்பதுபோல, போட்டோவில் இருந்த தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் வந்து சாப்பிட உட்கார்ந்ததும் அவன் போன் சிணுங்கியது. எச்சில் கை, என்னன்னு வாசி என்று நீட்டினான். வாசித்தாள். "இனத்தையோ மொழியையோ சொல்லி ஒருவரை இழிவுபடுத்த ஊர்வாசலில் இடமில்லை. பதிவு நீக்கப்பட்டது. கணக்கு முடக்கப்பட்டது."

எவனோ வெளங்காத பய போட்டுக் குடுத்திருக்கான் என்றான். ஒரு தமாசுக்குப் போட்டதாம். வேலையெல்லாம் அவனுகளுக்கே போகுது, நம்ம சிரிக்கக்கூடக் கூடாதா என்றான். புகார் செய்தவர் பெயரை வெளியே சொல்வதில்லை என்று அவளுக்கு வந்த தகவலில் இருந்தது. அவள் வாய் திறக்காவிட்டால் அவனுக்குத் தெரியவே தெரியாது.

ரசம் ஊற்றிக்கொண்டே, "நாந்தான்" என்றாள்.

பிசைந்த கை நின்றது.

"அந்தம்மா கூப்பிட்டப்ப போனை எடுத்தீகளா?"

"எடுத்து? எந்தப் பாசையில சொல்லச் சொல்ற?" என்றான். நிமிரவில்லை. "விடாம அடிச்சுக்கிட்டே கெடந்துச்சு. உள்ள அவன் கருகிக் கெடக்கான். அந்தச் சத்தத்தை வச்சுக்கிட்டு நா என்ன செய்ய..."

அவள் கை இன்னும் ஊற்றிக்கொண்டிருந்தது. ரசம் தட்டின் விளிம்பைத் தாண்டி, சிமெண்டுத் தரையில் இறங்கி, அவன் காலை நோக்கி ஓடியது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.