ஒயர் போட்டாச்சா?

பதினோரு நாளாக அவள் புருஷனோடு பேசவில்லை. சும்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற ரகம் இல்லை, ஒரு சொல்கூடக் கிடையாது. கேஸ் தீரப்போகிறது என்பதைச் சுவரிடம் சொன்னாள். துண்டு எங்கே என்று அவன் ஃபேனைக் கேட்டான். சுவரும் ஃபேனும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டன. வேறு என்ன செய்யும், பாவம்.

ஆளுக்கொரு ஆபீசுக்குப் போகிற ஜோடியாக இருந்தால் இப்படியே வருஷக்கணக்கில் ஓட்டலாம். ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து நாடக மேடைகளுக்கு விளக்கு கட்டுகிறவர்கள். பதினாறு வருஷமாக அவன் மேலே, அவள் கீழே. அவன் சாரத்தில் ஏறி மாட்டுவான், முடுக்குவான். கரண்டு வேலை முழுக்க அவள் பொறுப்பு. அது போக, சாரத்தின் சக்கரங்களைப் பூட்டிவிட்டு, அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாகக் கேட்பாள். "கொக்கி?" என்பாள். "ஆச்சு" என்பான். "நட்டு?" "ஆச்சு." "சேஃப்டி ஒயர்?" "ஆச்சு." அந்த 'ஆச்சு'வின் சுருதியிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும், உண்மையில் ஆச்சா, இல்லை வாய் மட்டும் சொல்கிறதா என்று. சந்தேகம் வந்தால் "தொட்டுப் பார்த்துச் சொல்லுங்க" என்பாள். முனகிக்கொண்டே தொட்டுப் பார்ப்பான்.

சண்டைக்குக் காரணம் ஒரே ஒரு வாக்கியம். அவனுடைய அக்கா வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது நாத்தனார் கேட்டாள், "முட்டி வலி முட்டி வலிங்கிறியே, கொஞ்ச நாள் வேலைக்குப் போகாம இருக்கலாமில்ல?" இவள் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். "அவளுக்கு என்னக்கா பெரிய வேலை? கீழ நின்னு அண்ணாந்து பார்க்கிறதுதானே!"

வீடே சிரித்தது. அவளும் சிரித்தாள். அவன் சொன்னதைக்கூட மன்னித்திருப்பாள். தானும் கூடச் சேர்ந்து சிரித்ததைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை. அன்று வீடு திரும்பும் வழியில் மூடிய வாய், இன்னும் திறக்கவில்லை.

இன்றைக்கு அரங்கத்தில் நான்கு மணிக்கு நாடகம். திரை முழுக்கக் கடல் ஓட வேண்டுமாம், அதற்கு ஒரு புரொஜெக்டர். இரும்புக் கூண்டோடு இருபத்தெட்டு கிலோ. அதைத் தொங்கவிட வேண்டிய விளக்குக் குழாய், பார்வையாளர்களின் மூன்றாவது வரிசைக்கு நேர் மேலே இருந்தது. குழாயில் இரண்டு கொக்கி, கொக்கிகளை இணைத்து ஒரு தகடு, தகட்டின் நடுவே ஒரு தடித்த போல்ட்டு. கூண்டு மொத்தமும் அந்தப் போல்ட்டின் நட்டில்தான் நிற்கிறது. நட்டு ஏமாற்றினால் பிடித்துக்கொள்ளத்தான் கட்டை விரலில் பாதித் தடிமனில் எஃகு ஒயர். கூண்டையும் குழாயையும் சேர்த்துச் சுற்றிக் கொக்கி போட்டுவிட்டால், விழுந்தாலும் ஒரு சாண் விழுந்து நின்றுவிடும்.

காலை ஒன்பது மணிக்கே அவளுக்கு அலுத்துவிட்டது. குழாயில் ஏற்கெனவே இருந்த பிளக்குகள் எல்லாம் டிம்மரிலிருந்து வருகிறவை, விளக்கைக் கூட்டிக் குறைப்பதற்கு. புரொஜெக்டரை அதில் சொருகினால், மேடை இருட்டாகும்போது அதற்கும் பாதிக் கரண்டு போய், உள்ளே கருகிவிடும். எங்கோ ஒரு ஊரில் யாரோ சொருகிப் புகை வந்த கதை இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் சொருகுகிறவர்கள் இருந்துகொண்டேதான் இருக்கிறார்கள். அவள் மெயின் பலகையிலிருந்து தனி லைன் இழுத்தாள். எர்த் பார்த்தாள். தனி சுவிட்சுக்கு மேல் டேப்பை ஒட்டி 'தொட்டால் கை இருக்காது' என்று எழுதினாள். வழக்கமாக 'தொடாதீர்கள்' என்றுதான் எழுதுவாள். பதினோரு நாள் பேசாத வாய் கை வழியாகக் கொஞ்சம் பேசிவிட்டது.

நடுவில் தூது போக ஒரு ஆள் வேண்டியிருந்தது. அரங்கத்தின் சாவிக்கொத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு கலகலவென்று நடக்கிற மனிதர் வந்து சேர்ந்தார். எல்லோருக்கும் அவர் சாவி அண்ணன். ஊர்ச் சண்டை என்றால் அவருக்குச் சாப்பாடே வேண்டாம்.

"அண்ணே, கொக்கி முடுக்கியாச்சான்னு கேளுங்க" என்றாள் அவள். அவன் பத்தடி உயரத்தில், காது கேட்கிற தூரத்தில்தான் இருந்தான்.

"மாப்ளே, கொக்கி முடுக்கியாச்சான்னு தங்கச்சி கேக்குது!"

"முடுக்கியாச்சுன்னு சொல்லுங்க."

"முடுக்கியாச்சாம் தங்கச்சி!" அவர் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி.

"சேஃப்டி ஒயர் போட்டாச்சான்னு கேளுங்கண்ணே."

சாவி அண்ணன் உரக்கக் கூவினார். தூதுவர்கள் செய்தியைச் சுருக்குவது வழக்கம்தானே. "ஒயர் போட்டாச்சாமா மாப்ளே?"

அந்த நேரத்தில் அவன் அவள் இழுத்துத் தந்த கரண்டு ஒயரைப் புரொஜெக்டரின் முதுகில் சொருகிக்கொண்டிருந்தான். "போட்டாச்சு, போட்டாச்சு" என்றான்.

அதற்குள் அவள் தள்ளி மெயின் பலகைக்குப் போய்க் குனிந்திருந்தாள், முட்டி விண்விண்ணென்று தெறித்தது. "போட்டாச்சாம் தங்கச்சி!" என்றார் சாவி அண்ணன். அண்ணனின் குரலில் வந்த 'போட்டாச்சு'வுக்குச் சுருதி ஏது? நோட்டில் டிக் அடித்தாள்.

மூன்று மணிக்குப் படம் போட்டுப் பார்த்தார்கள். கடல் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஒரு முழம் இடது பக்கம் தள்ளித் திரைக்கு வெளியே சுவரிலும் அலையடித்தது. அவன் மறுபடியும் ஸ்பேனரோடு சாரத்தில் ஏறினான். நட்டைக் கொஞ்சம் தளர்த்திக் கூண்டைத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். மூன்றாவது வரிசையில் நாடகக்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்து வசனத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். மேலே வேலை நடக்கும்போது அங்கே உட்காரக் கூடாது என்று காலையிலிருந்து மூன்று தடவை விரட்டியாகிவிட்டது. நாலாவது தடவை விரட்ட அவளுக்குத் தெம்பில்லை. ஒரு நிமிஷ வேலைதானே என்று விட்டுவிட்டாள்.

பழக்க தோஷத்தில் அண்ணாந்து பார்த்தாள்.

அவன் கையைத் தூக்கியதில் சட்டை மேலே ஏறியிருந்தது. இடுப்புப் பட்டையில் ஏதோ வளையமாகத் தொங்கி மின்னியது. எஃகு ஒயர். அவள் பார்வை கூண்டுக்குப் போனது. குழாயிலிருந்த மற்ற விளக்குகளுக்கெல்லாம் பக்கத்தில் மெல்லிய வளையம் ஒன்று தெரிந்தது. கூண்டுக்கு மட்டும் பக்கத்தில் வெறும் காற்று.

அவன் நட்டைத் தளர்த்திவிட்டுக் கூண்டைத் திருப்பிக்கொண்டிருந்தான். கூண்டோடு சேர்ந்து நட்டும் சுற்றியது. படத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவனுக்கு அது தெரியவில்லை.

சாவி அண்ணன் வாசல் பக்கம் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டு, அவர் வந்து, அவர் கேட்டு... அந்த யோசனை வந்ததற்காகவே பிற்பாடு அவள் தன்னை நொந்துகொண்டாள்.

"ஏங்க!"

பதினோரு நாள் கழித்து அந்தச் சொல் அரங்கத்தின் கூரை வரை போய் இடித்தது. கூப்பிட்டது தன்னைத்தான் என்று அவன் கைக்கு முதலில் தெரிந்தது. கை அப்படியே நின்றது.

"கூண்டைத் திருப்பாதீங்க! நட்டு கழலுது! ஒயர் உங்க இடுப்புல இருக்கு!"

அவன் நிமிர்ந்து பார்த்தான். போல்ட்டின் நுனியில் இரண்டு மரைதான் மிச்சம். சட்டென்று கூண்டுக்கடியில் தோளைக் கொடுத்தான்.

அவள் நாலு பேரையும் கையைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளினாள். "எந்திரிங்க! பேப்பர் கெடக்கட்டும், எந்திரிங்க!" அதற்குள் ஓடி வந்த சாவி அண்ணன் சாரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். சாவிக்கொத்து முதல் தடவையாகச் சத்தமில்லாமல் கிடந்தது. அவள் ஏறினாள். ஒவ்வொரு படிக்கும் முட்டி ஒரு தடவை உயிரை வாங்கியது.

மேலே போனபோது அவன் இரண்டு கையாலும் குழாயைப் பிடித்துக்கொண்டு கூண்டைத் தோளில் தாங்கியிருந்தான். புரொஜெக்டரின் வெப்பக் காற்று அவன் கன்னத்திலேயே அடித்தது. அவள் அவன் இடுப்பிலிருந்து ஒயரை உருவி, கூண்டின் கைப்பிடிக்குள் விட்டு, குழாயைச் சுற்றிக் கொக்கி போட்டாள். இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். பிறகு நட்டைப் பிடித்து, விரல் நோகிற வரை ஏற்றினாள்.

"ஆச்சு" என்றாள்.

அவன் தோளை எடுத்தான். கூண்டு அசையவில்லை. இரண்டு பேரும் சாரத்தின் பலகையில் உட்கார்ந்தார்கள்.

"ஒயர்னுதான் கேட்டாரு" என்றான் அவன், மூச்சு வாங்க. "நான் கரண்டு ஒயர்னு நெனச்சேன்."

"நான் சேஃப்டி ஒயர்னுதான் சொன்னேன்."

"நீ சொல்லலியே. அவருதானே சொன்னாரு."

அவள் செய்ததும் சரியில்லைதான். இரண்டு பேருக்கும் மரை கழன்றிருந்த பதினோரு நாளில், நட்டின் மரை என்ன பாவம் செய்தது? கீழே காலியாகக் கிடந்த நாலு நாற்காலிகளை அவள் பார்த்தாள். ஒன்றின் மேல் வசனக் காகிதம் அப்படியே கிடந்தது. அப்போதுதான் அழுகை வந்தது. துடைத்துக்கொண்டாள்.

"அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்றேன்" என்றான் அவன். "அன்னைக்கு நான் சொன்னது..."

"யாருக்கும் ஒண்ணும் சொல்ல வேணாம். ஸ்பேனரை இப்படிக் குடுங்க. படத்தை நான் சரி பண்றேன். நீங்க எறங்கிப் போய்க் கீழ நில்லுங்க."

"உனக்கு முட்டி..."

"ஏறியாச்சில்ல. எறங்குங்க."

அவன் இறங்கினான். சக்கரப் பூட்டை ஒவ்வொன்றாகக் காலால் மிதித்துப் பார்த்தான். மூன்றாவது வரிசையைச் சுற்றிக் கயிறு கட்டினான். பிறகு அவள் வழக்கமாக நிற்கிற இடத்தில் வந்து நின்று அண்ணாந்தான்.

"கொக்கி?" என்றான்.

"ஆச்சு."

"சேஃப்டி ஒயர்?"

"ஆச்சு."

"தொட்டுப் பார்த்துச் சொல்லு."

அவள் தொட்டுப் பார்த்தாள். நட்டைத் துளி தளர்த்தி, கூண்டை ஒரு விரல் அளவு திருப்பி, முடுக்கினாள். கடல் மெல்ல நகர்ந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். திரையைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னதால் பாதி தப்பாகச் சொன்னான். அவன் கண் முழுக்க அந்த நட்டில் இருந்தது, அவள் கையில் இருந்தது, அவள் கால் வைத்திருந்த பலகையின் ஓரத்தில் இருந்தது. கை மட்டும் பின்னால் போய்ப் பிடரியைப் பிசைந்தது.

"கழுத்து வலிக்குதா?" என்று மேலேயிருந்து கேட்டாள்.

"வலிக்குது."

"பத்து நிமிஷம்கூட ஆகலீங்க" என்றாள்.

அவன் தலையை இறக்கவில்லை.