மூன்றாவது பீட்டா

என் கணவர் ஷ்யாம்சுந்தருக்கு ஒரு கொள்கை உண்டு. போனுக்குப் புது ஆபரேட்டிங் சிஸ்டம் வருவதற்குச் சில மாதம் முன்பே, சோதித்துப் பார்க்க என்று அரைவேக்காடாக ஒன்றை விடுவார்கள். பீட்டா என்று பெயர். முதல் பீட்டாவை முட்டாள் போடுவான், இரண்டாவதை அவசரக்காரன் போடுவான், மூன்றாவதைப் போடுகிறவனுக்குத்தான் விவரம் தெரியும் என்பார். கல்யாணப் பந்தியில்கூட இதைச் சொல்லியிருக்கிறார். நானும் கேட்டுக்கொண்டே சாம்பார் சாதம் சாப்பிட்டிருக்கிறேன்.

விவரம் தெரிந்த அந்த மனிதர் மூன்றாவது பீட்டாவைப் போட்ட இடம் என் அம்மாவின் போன்.

அம்மா அஸ்தினாபுரத்தில் தனியாக இருக்கிறாள். இன்சுலின் போட்டுக்கொள்கிறவள். மேல்கையில் ஒரு சென்சார் ஒட்டியிருக்கும். சர்க்கரை இறங்கினால் அதற்கான ஆப் மூலம் போன் அலறும். அந்த அலறலை நம்பித்தான் நான் கூடுவாஞ்சேரியில் நிம்மதியாகத் தூங்குகிறேன். போன ஞாயிறு அங்கே சாப்பிடப் போயிருந்தபோது, நான் அடுக்களையில் இருந்த நேரம் பார்த்து அவளிடம் ஷ்யாம், "குடுங்கம்மா, புதுசு போட்டுத் தரேன்" என்று கேட்டிருக்கிறார். அவளும் கொடுத்துவிட்டாள். மாப்பிள்ளை கேட்டு இல்லை என்று சொல்லி எங்கள் வீட்டில் பழக்கமில்லை. அவர் காபி ஆறிப்போனால்கூட அம்மா தன்னைத்தான் திட்டிக்கொள்வாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவளுக்குச் சர்க்கரை இறங்கியது. போன் வாயைத் திறக்கவில்லை. கறிவேப்பிலை கேட்டு வந்த பக்கத்து வீட்டு கிறிஸ்டினா அக்காதான், ஹாலில் வேர்த்து ஊற்றி, பேச்சு குழறிக் கிடந்தவளைத் தூக்கி உட்காரவைத்துச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்.

"பயப்படாத ப்ரியா. இப்ப தெளிவா பேசறாங்க. நீ கெளம்பி வா" என்றார் போனில்.

அவர் வராமல் இருந்திருந்தால்? அதற்கு மேல் என்னால் நினைக்க முடியவில்லை. ஜி.எஸ்.டி. ரோடு முழுக்க, "சென்சார் கழண்டிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே காரை ஓட்டினார் ஷ்யாம்.

உள்ளே நுழைந்ததும் அம்மா நாற்காலியிலிருந்தபடியே, "மாப்பிள்ளைக்கு முதல்ல காபி குடுடி" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஷ்யாம் அவள் போனை நோண்டிப் பார்த்துவிட்டு டீப்பாயில் வைத்தார். சென்சார் கையில் பத்திரமாகத்தான் இருந்தது. "ஆப் இதுல வேலை செய்யலை. மூணாவது பீட்டால இப்படி ஆகவே கூடாது" என்றார். அவருடைய கோபமெல்லாம் பீட்டாமேல்தான்.

"உங்க போனைக் குடுங்க" என்றேன்.

வாங்கி செட்டிங்ஸைத் திறந்தேன். பழைய வெர்ஷன்.

"உங்களோடதுல ஏன் போடலை?"

"இதுல ஆபீஸ் ஆப் எல்லாம் இருக்கு ப்ரியா. நின்னுபோச்சுன்னா மீட்டிங் அட்டெண்ட் பண்ண முடியாது. ரிஸ்க் எடுக்க முடியுமா?"

சாதாரணமாகத்தான் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த போனைச் சுவரில் அடிக்கக் கையை ஓங்கிவிட்டேன். கிறிஸ்டினா அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"பழசுக்குப் போகணும்னா எல்லாத்தையும் அழிச்சுட்டு மறுபடி ஏத்தணும், பெரிய பேஜார்" என்றார் ஷ்யாம், அம்மா பக்கம் திரும்பி. "நாலாவது பீட்டா வந்திருக்கும்மா. அதுல சரி பண்ணியிருப்பாங்க. போட்டுடட்டுமா?"

அம்மா டீப்பாயிலிருந்த தன் போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். குரலில் எப்போதும் உள்ள அதே மரியாதை.

"நாலாவதை உங்க போன்ல போட்டுப் பாருங்கோ மாப்பிள்ளை. எனக்குப் பழசையே போட்டுக் குடுங்கோ."

"இல்லம்மா, எனக்குச் சாயங்காலம் மீட்டிங்..."

"இருக்கட்டும். முடிச்சுட்டுப் போங்கோ."

ஷ்யாம் என்னைப் பார்த்தார். நான் அடுக்களைப் பக்கம் நடந்தேன். காரிலிருந்து லேப்டாப்பை எடுத்துவரப் போனார். நான் காபி கலந்து கொண்டுவந்து, வழக்கம்போல் அவருக்காக டீப்பாயில் வைக்கக் குனிந்தேன்.

"இங்க குடு" என்றாள் அம்மா. "அவர் வேலையை முடிக்கட்டும்."