பட்டைக்கு அடியில் ஈரம்

முழங்கால் அறுவைக்கு வந்தவர் ஒரு பஸ் டிரைவர். இரத்தம் பெருகாமலிருக்க அவர் தொடையில் காற்றடைத்து இறுக்கும் பட்டையைக் கட்டியவள் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். அடியில் பஞ்சு சுற்றி, சுருக்கமில்லாமல்தான் கட்டினாள். காலைத் தூக்கிப் பிடித்துக் கிருமிநாசினி தடவும்போது, அது வழிந்து பட்டைக்குள் இறங்கியதைக் கண்டாள். பஞ்சு நனைந்தால் அவிழ்த்து மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் தோல் வெந்துவிடும். புதிதாக வருகிறவர்களுக்கு அவளே கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லிக்கொடுப்பதுதான்.

"என்னம்மா, ஆரம்பிக்கலாமா?" என்றார் டாக்டர். ஏற்கெனவே தாமதம், முகம் கடுகடுவென்றிருந்தது.

"ஆரம்பிக்கலாம் சார்."

மறுநாள் பட்டை இருந்த இடம் கொப்பளித்து உரிந்து கிடந்தது. டாக்டர், "சில பேர் தோலுக்கு ஒத்துக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டிரைவர் மனைவியைத் திட்டத் தொடங்கினார். "வேணாம்னு தலையால அடிச்சுக்கிட்டேன். ஆபரேஷனுக்கு முந்தி கண்ட தைலத்தையும் தேய்ச்சியே, இப்ப பாரு!"

அந்த அம்மாள் கண் கலங்கினாள். "சிஸ்டர், நான் தேய்ச்ச தைலம்தானா காரணம்?"

நர்ஸ் தலையை மட்டும் ஆட்டினாள். ஆமென்றா, இல்லையென்றா என்று அவளுக்கே விளங்கவில்லை. அந்த அம்மாள் ஆமென்றே எடுத்துக்கொண்டாள்.

அன்றிரவு வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். "டாக்டரே ஒரு காரணம் சொல்லிட்டாரு. நீ ஏன் வாயைக் கொடுத்து மாட்டிக்கிற?" என்றான் கணவன்.

காலையில் நேரே டாக்டரிடம் போய்ச் சொன்னாள்.

"அப்பவே சொல்லியிருந்தா அவிழ்த்திருப்போமே!"

"உங்க முகத்தைப் பார்த்தேன் சார். வாய் வரலை."

அவர், "வா, அவங்ககிட்ட போய்ச் சொல்லு. நானும் வர்றேன்" என்று எழுந்தார்.

கட்டிலருகே நின்று அவளே சொன்னாள். "தைலம் காரணமில்லைங்க. மருந்து பட்டைக்குள்ள இறங்கினதை நான் பார்த்தேன். பார்த்தும் சொல்லலை." டாக்டர், "அவசரப்படுத்தினது நான்" என்றார்.

டிரைவர் மனைவியின் பக்கம் திரும்பினார். அவளைப் பார்க்க முடியாமல் போர்வையைப் பார்த்தார். "ராத்திரியெல்லாம் இவளை வார்த்தையால கொன்னுட்டேனே."

அந்த அம்மாள் கோபப்படவில்லை. "நேத்து கேட்டேனே சிஸ்டர்" என்றாள் மெல்ல. பிறகு, "புண்ணுக்குக் கட்டுப் போட வேற யாரையாவது அனுப்புங்க."

"சரிம்மா" என்று சொல்லி வெளியே வந்தாள் நர்ஸ். மருந்து வண்டியை இன்னொரு நர்ஸிடம் கொடுத்துவிட்டு, அந்த நர்ஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தும்வரை வராந்தாவிலேயே நின்றாள்.