லைன் என்றால் நூல்

லைன் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குடியிருப்பது லைன் வீடு. ரேஷன் கடைக்குப் போனால் லைனில் நில் என்கிறான். போனை எடுத்தால் லைனில் இரு என்கிறாள். அரியலூர் பஸ், ரயில்வே லைன் கேட்டில் அரை மணி நேரம் நிற்கிறது. எவனோ ஒரு கழுதை என் மகள் சுவாதிக்கு லைன் விடுகிறானாம், கையில் கிடைக்கட்டும்.

பிழைப்பும் அதில்தான். செந்துறைப் பக்கம் ஒரு சப்-ஸ்டேஷனில் ஆபரேட்டர் நான். கம்பத்தில் ஏறுகிறவன் முதலில் என்னிடம் சொல்லி லைனை நிறுத்துவான். வேலை முடிந்து இறங்கியதும் மறுபடி சொல்வான். அதற்கப்புறம்தான் கரண்ட் விடுவேன்.

இரண்டு வருடத்துக்கு முன் தர்மராஜ் என்ற லைன்மேன் மேலே இருந்தான். கூடப் போனவன் போன் செய்து, "எல்லாரும் எறங்கியாச்சு, போடுங்க" என்றான். போட்டுவிட்டேன். தர்மராஜ் இறங்கியிருக்கவில்லை.

"நீங்க அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேண்ணே" என்றாள் அவன் மனைவி ராசாத்தி. அவள் அழவில்லை, திட்டவில்லை, அதை மட்டும்தான் சொன்னாள். இன்றைக்கும் சோறு இறங்காத நாள் உண்டு.

மூன்று மாதம் சஸ்பெண்டில் வீட்டில் கிடந்தேன். சுவாதியின் ஸ்கூல் அகராதியை எடுத்து இந்தப் பாழாய்ப்போன வார்த்தையைப் பார்த்தேன். கோடு, வரிசை, கம்பி, வம்சம், முகச்சுருக்கம், நாடக வசனம் என்று அரைப் பக்கத்துக்கு அர்த்தம். எல்லாவற்றுக்கும் மூலம் லத்தீனில் இருந்ததாம். ஆளிச் செடியின் நாரில் திரித்த நூல். இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் அடியில் வெறும் ஒரு நூல்தான்.

வேலையில் மறுபடி சேர்ந்ததும் ஒரு வழக்கம் வைத்தேன். லைனில் ஏறுகிற ஒவ்வொருவனும் முதலில் இங்கே வந்து சுவிட்சின் கைப்பிடியில் ஒரு மஞ்சள் நூல் கட்ட வேண்டும். இறங்கி வந்து அவனேதான் அவிழ்க்க வேண்டும், அடுத்தவன் கை படக்கூடாது. ஆபீசில் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். நூல்கண்டு என் மேஜை டிராயரில் பூட்டியிருக்கும், சாவி என் சட்டைப்பையில்.

போன மாதம் முந்திரிக் காட்டுப் பக்கம் பராமரிப்பு வேலை. ஃபோர்மேன் அறிவழகனும் லைன்மேன் அரியமுத்தும் காலையில் ஆளுக்கு ஒரு நூல் கட்டிவிட்டுப் போனார்கள். சாயந்திரம் நாலு மணிக்கு வந்து ஆளுக்கு ஒன்றாய் அவிழ்த்தார்கள்.

"எல்லாரும் எறங்கியாச்சுண்ணே. போடுங்க" என்றான் அறிவழகன்.

இரண்டு வருடத்துக்கு முன் போனில் கேட்ட அதே வார்த்தை. கைப்பிடியைப் பிடித்தேன். விரலில் ஏதோ தட்டுப்பட்டது. இன்னொரு மஞ்சள் நூல்.

"மூணாவதா யாருய்யா?"

"ரெண்டு பேர்தாண்ணே கட்டுனோம். சும்மா எவனாவது சுத்தியிருப்பான். அறுத்து எறிங்க, மேலேருந்து போன் மேல போன் வருது."

குனிந்து பார்த்தேன். முடிச்சு திருப்பிப் போட்டிருந்தது. தர்மராஜ் பீச்சாங்கைக்காரன். டூல்ஸ் பையை அவன் அப்படித்தான் கட்டுவான். அதை அவிழ்க்கத் தெரியாமல் நானே எத்தனையோ தடவை அவனைத் திட்டியிருக்கிறேன்.

"கட்டுனவன் வந்து அவுக்காம போட மாட்டேன். இன்னிக்கு லைன்ல வேற யாரு இருந்தா? யோசிச்சு சொல்லுய்யா!"

அறிவழகனுக்கு முகம் மாறியது. "மத்தியானம் நம்ம கலைவாணன் அரியலூர்லேருந்து நேரா அங்கயே வந்தான். மூணு மணிக்கே கெளம்பிட்டான்னு நெனச்சேன்."

போனைப் போட்டான். ஸ்பீக்கரில் காற்றுச் சத்தத்தோடு கலைவாணன் பேசினான். "கடைசி கம்பத்துல மேலதாண்ணே இருக்கேன். பத்து நிமிசத்துல முடிஞ்சிடும்."

அறிவழகன் தரையில் உட்கார்ந்துவிட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் வாயில் வந்ததையெல்லாம் பேசினேன்.

கலைவாணன் அரை மணி கழித்து, முழுசாய், முந்திரிச் சருகு ஒட்டிய சட்டையோடு வந்து நின்றான். நூலைப் பார்த்தான். "நான் கட்டலைண்ணே. காலையில நான் இந்தப் பக்கமே வரலையே."

பூட்டியிருந்த டிராயரைத் திறந்து பார்த்தேன். கண்டு இருந்தது, நூல்முனை ஈரமாய் இருந்தது, யாரோ பல்லால் கடித்த மாதிரி. யாரும் கைப்பிடிப் பக்கம் போகவில்லை. மூன்று பேரையும் வெளியே அனுப்பினேன். இருபது ஊர் கரண்ட் இல்லாமல் காத்திருந்தது.

மேஜை மேல் போன் அடித்தது.

"லைன்ல யாரு?"

உயரத்தில் காற்று கம்பியில் உரசுகிற ஓசை மட்டும் வந்துகொண்டிருந்தது. கூடவே மெல்ல மூச்சு விடுகிற சத்தம். ரிசீவரை வைக்க முடியவில்லை. அன்றைக்குக் கேட்காமல் விட்டதைக் கேட்டேன்.

"தர்மராஜு, எறங்கிட்டியாப்பா?"

வெகுநேரம் காற்றுதான். அப்புறம் செருப்புக் கால் மண்ணில் பதிகிற சத்தம் கேட்டது. போன் வைக்கப்பட்டது.

திரும்பினேன். கைப்பிடியில் ஒன்றும் இல்லை. கீழே, என் காலடியில், நூல் அவிழ்ந்து நீளமாய்க் கிடந்தது.

வாய்விட்டு அழுதேன். அழுது முடித்துக் கரண்டைப் போட்டேன். பதிவேட்டில் மூன்று பேருக்குக் கீழே நான்காவதாய் எழுதினேன்: தர்மராஜ், இறங்கிய நேரம் நாலு நாற்பத்தேழு.